இரக்கம் கேட்ட விண்ணப்பம்

"இதை வாசிச்சுப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டியாம்மா?"

ஜெயாவின் கையில் கார்பன் நகல் இருந்தது. நீல எழுத்து அங்கங்கே கலங்கியிருந்தது. அடுப்படிக் கதவில் சாய்ந்துகொண்டு அவள் அதை மூன்றாவது முறையாக வாசித்துக்கொண்டிருந்தாள்.

திலகம் அடுப்பிலிருந்து திரும்பவில்லை. "வாசிச்சேனே."

"முழுசாவா?"

"என் பேரு சரியா இருந்துச்சு. மருந்தகம்னு இருந்துச்சு. டைப் அடிச்ச ஆபீசு கிராணி அவசரப்பட்டாரு. கையெழுத்துப் போட்டுட்டேன்."

"அலாமாக்!" ஜெயா தலையில் கை வைத்துக்கொண்டாள். "இன்னைக்கு ரெண்டு மணிக்கு இன்டர்வியூ. இப்போ காலையில எட்டு. நேத்தே இந்தக் காயிதத்தை எங்கிட்டக் காட்டியிருக்கக் கூடாது?"

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துப் பலகையில் அந்த அறிவிப்பை ஒட்டி மூன்று வாரம் ஆகிறது. தோட்டத்து மருந்தகத்துக்குப் பெண் உதவியாளர் ஒருவர் தேவை, இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. ஏன் பெண் வேண்டும் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. லயத்து வீடுகளில் எல்லோருக்கும் தெரியும்.

நவம்பர் மாதம் பக்கத்து வீட்டு இராசம்மா இரண்டு நாள் உதிரப்போக்கோடு கிடந்தாள். மருந்தகத்து டிரஸ்ஸர் விஜயன் கதவு வரை வந்து, என்ன செய்கிறது என்று கேட்டார். தலைவலி என்றாள் இராசம்மா. இருபத்தாறு வயது ஆம்பளையிடம் வேறு என்ன சொல்வாள்? மூன்றாம் நாள் லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ரிங்லெட் தாண்டி, தாப்பா ஆஸ்பத்திரிக்கு இறங்கும் வளைவுகளில் எங்கோ, திலகத்தின் மடியில் அவள் தலை கனத்துப்போனது.

அதோடு முடிந்திருந்தால் திலகமும் மற்றவர்களைப்போல அழுது ஓய்ந்திருப்பாள். ஆனால் அந்த இரண்டு நாளும் துணி அலசிப் போட்டவள் அவள்தான். டிரஸ்ஸர் கதவருகே நின்று அவள் முகத்தையும் பார்த்தார். அவளும் தலைவலி என்றுதான் சொன்னாள்.

இதை அவள் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

"நல்லாக் கேளு," என்று ஜெயா நகலைத் தமிழில் சொல்லத் தொடங்கினாள். "எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும், ஆனால் பேசத் தெரியாது. புண்ணைக் கழுவிக் கட்டத் தெரியும், ஆனால் நான் படிப்பில்லாதவள். வேலைக்கு வர முடியும், ஆனால் உடம்பு பலவீனமானவள். ஆகவே துரை அவர்கள் இந்த ஏழையின் மேல் இரக்கம் வைத்து..."

"போதும்."

"உனக்கு எங்கம்மா பலவீனம்? அந்த மலைச்சரிவுல கூடையோட ஏறுறவ நீ. இது வேலை கேக்கற காயிதமாவா இருக்கு? மன்னிப்புக் காயிதம்!"

"எதுக்கு இந்தச் சத்தம்?" என்று காளிமுத்து உள்ளே வந்தான். தொழிற்சாலையில் இலை வாட்டும் மாடியில் அவனுக்கு வேலை. இன்றைக்கு அரை நாள் லீவு போட்டிருந்தான். கையில் வெள்ளைச் சட்டை. "இதுல மூணாவது பொத்தானைக் காணோம். எங்க போச்சு?"

"அப்பா, கிராணிகிட்ட என்ன சொல்லி எழுதச் சொன்னீங்க?"

"நான் ஒன்னும் சொல்லலை. நல்லா எழுதுங்கன்னேன். லெம்பா பெர்த்தாம்ல நம்ம முனியாண்டி தோட்டத்துக் கோசு நாலு கொண்டுபோய்க் கொடுத்தேன். நாலும் பெரிசு." அவன் குரலில் பெருமை இருந்தது. "பொத்தான்?"

திலகத்துக்குச் சட்டியைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. பொத்தானைத் தேடினாள்.

வெயில் ஏறாத அந்தக் காலை முழுவதும் பாடம் நடந்தது. ஜெயா ஐந்தாம் படிவம் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பவள். திலகத்தின் இங்கிலீஷ் தாப்பாவில் சித்தி வீட்டில் தங்கிப் படித்த மூன்று வருடத்தோடு நின்றுபோனது. அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம் கொழுந்துதான் பறித்திருக்கிறாள். மருந்துப் போத்தலையும், பால் டின்னையும், ஜெயாவின் பழைய புத்தகத்தையும் பார்த்து அவள் வாசித்து வந்தது அவளுக்கு மட்டுமே தெரிந்த காரியம்.

"துரை கேக்கறாருன்னு வச்சுக்க. உனக்கு என்ன தெரியும்?"

"ஐ கேன் கிளீன் தி வூண்ட்."

"ஆங். அப்படித்தான்."

"பட் ஐ கேனாட் கிவ் தி இன்ஜெக்சன்."

"அம்மா! ஊசியைப் பத்தி இப்ப யாரு கேட்டா?"

"போடத் தெரியாதே. தெரியும்னு பொய் சொல்லச் சொல்றியா?"

"பொய் வேணாம் லா. இடத்தை மாத்து. ஐ கேனாட் கிவ் தி இன்ஜெக்சன், பட் ஐ கேன் கிளீன் தி வூண்ட். தெரியாததை முன்னால தள்ளு, தெரிஞ்சதைக் கடைசியில வை. 'பட்'டுக்குப் பின்னால எது வருதோ அதுதான் கேக்கறவங்க காதுல நிக்கும்."

"ரெண்டும் ஒன்னுதானே?"

"ஒன்னில்லை. அப்பாவைப் பத்தி நான் சொல்றேன். அப்பா நல்லவரு, ஆனா கோபக்காரரு. அப்பா கோபக்காரரு, ஆனா நல்லவரு. ரெண்டும் ஒன்னா?"

"யாருடி கோபக்காரன்?" என்று முன்னறையிலிருந்து சத்தம் வந்தது.

திலகத்துக்குச் சிரிப்பு வந்தது. ஜெயாவுக்கு வரவில்லை. "இன்னொரு வாட்டி. இப்ப ஆல்தோ போட்டுச் சொல்லு."

"ஆல்தோ ஐ கேனாட் ஸ்பீக் வெல், பட் ஐ..."

"ஆல்தோ போட்டா பட் போடாதே! எத்தனை தடவை சொல்றது? ஒரு குறைக்கு ஒரு வார்த்தை போதும்."

பத்து முறை சொன்னார்கள். பத்தில் ஏழு முறை அவளுடைய வாக்கியம் முடியாதது ஒன்றில் போய்த்தான் நின்றது. ஜெயா புத்தகத்தை மூடி வைத்தாள், திறந்தாள், மறுபடி மூடினாள். "உனக்கு வேணும்னுதானே கேட்டே? அப்புறம் ஏம்மா இப்படிப் பண்றே?"

அது திலகத்துக்கும் விளங்கவில்லை. இங்கிலீஷில் மட்டுமா? தமிழிலும் அவள் அப்படித்தான் பேசுகிறாள் என்பது இன்றைக்குத்தான் அவளுக்குக் கேட்டது. குழம்பு நல்லாத்தான் இருக்கு, ஆனா உப்பு. சீலை நல்லாத்தான் இருக்கு, ஆனா எனக்கு எடுக்காது. பெண் பார்க்க வந்தவர்களிடம் அவளுடைய அப்பா சொன்னதும் அதே மாதிரிதான். இங்கிலீஷ் படிச்ச புள்ளைதான், ஆனா வீட்டு வேலையெல்லாம் செய்யும். படித்தது ஒரு குற்றம்போலவும், அதை ஈடுகட்டத்தான் சட்டி பானை என்பதுபோலவும்.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் தினமும் நடப்பது அவள் நினைவுக்கு வந்தது. கூடையைத் தராசில் மாட்டுவார்கள். முள் ஒரு இடத்தில் நிற்கும். அது அவள் பேரில் ஏறும் எடை இல்லை. கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்த பிறகுதான் ஓர் எண்ணைக் கூப்பிடுவார்கள். மழை பெய்யாத நாளிலும் ஈரத்துக்குக் கழிவு உண்டு. பத்தொன்பது வருடத்தில், கழிப்பதற்கு முன்னால் முள் எங்கே நின்றது என்று அவள் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. யாரும் கழிப்பதற்கு முன் தானே கழித்துக்கொள்ளப் பழகிவிட்டாள். அதில் ஒரு நிம்மதி கூட இருந்தது.

"என்னம்மா யோசனை?"

"ஒன்னுமில்லை. கேளு."

ஒன்றரை மணிக்குப் புறப்பட்டார்கள். பனி மலையிலிருந்து இறங்கி ரோட்டை மூடிக்கொண்டிருந்தது. காளிமுத்து நான்கடி முன்னால் நடந்தான். கம்பளித் தொப்பி, வெள்ளைச் சட்டை, தீபாவளிக்கு வாங்கிய சப்பாத்து. மூன்றாவது பொத்தான் வேறு நிறம்.

"நீங்களும் உள்ள வரணுமாங்க?" என்று திலகம் மெதுவாகக் கேட்டாள்.

"பின்னே? துரை ஆபீசுக்குப் பொம்பளையைத் தனியா அனுப்பிட்டு நான் வீட்ல ஒக்காந்திருக்கவா? எவன் பொண்டாட்டி அப்படிப் போயிருக்கா?"

"இது இன்டர்வியூ அப்பா. அம்மாவைத்தான் கூப்பிட்டிருக்காங்க," என்றாள் ஜெயா.

"நான் பேசவா போறேன்? சும்மா நிப்பேன்."

அதுதான் தோட்டத்து வழக்கம். பிரசவ லீவு கேட்கப் போனாலும் புருஷன் முன்னால் நிற்பான், பெண்டாட்டி பின்னால் நிற்பாள். துரை அவளைக் கேட்பார், அவன் பதில் சொல்வான். அவன் சும்மா நின்றதாக யாரும் சொன்னதில்லை.

ஆபீசு வராந்தாவில் கிராணி பழனியப்பன் தன் மேசையில் இருந்தார். பெரிய டைப்ரைட்டர் ஒன்றுக்குப் பின்னால் சின்ன மனிதர்.

"வா திலகம். பயப்படாதே. சூராட் காயிதம் அருமையா அமைஞ்சுபோச்சு. துரை ரெண்டு தடவை வாசிச்சாரு, நானே பார்த்தேன்."

ஜெயா நகலை அவர் முன் வைத்தாள். "கிராணி ஐயா, அம்மா பலவீனமானவங்கன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"மருந்தகத்து வேலைக்குப் பலவீனமான ஆளை யாராவது எடுப்பாங்களா?"

பழனியப்பன் கண்ணாடியைக் கழற்றி, சின்னப் பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோல அவளைப் பார்த்தார். "இருபத்திரண்டு வருசமா எழுதறேன் பாப்பா. கூரை ஒழுகுதுன்னு எழுதியிருக்கேன், லீவுக்கு எழுதியிருக்கேன், லயம் மாத்தச் சொல்லி எழுதியிருக்கேன். ஒன்னு திரும்பி வந்ததில்லை. வெள்ளைக்காரத் துரை காலத்துலேருந்து நான் கண்டுபிடிச்ச ரகசியம் இது. துரைமார்கிட்ட முடியும்னு சொன்னா, திமிருன்னு நினைப்பாங்க. முடியாதுன்னு சொல்லணும். அப்பத்தான் மனசு எறங்கும்."

"கூரையும் வேலையும் ஒன்னா ஐயா?"

"துரை ஒன்னுதானே?"

காளிமுத்து தலையாட்டினான். "சொல்றாருல்ல? பெரியவங்க பேச்சுல பூந்து பேசாதே."

ஜெயா மறுபடி வாயைத் திறந்தாள். திலகம் மகளின் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். கிராணி மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அவளுக்கே எரிச்சலாக இருந்தது. இந்த மனிதர் நல்லது செய்துவிட்டதாக மனதார நம்புகிறார். கெட்டவராக இருந்தாலாவது நாலு வார்த்தை கேட்கலாம்.

உள்ளே மணி அடித்தது.

லிம் துரை வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. பினாங்குக்காரர். இங்கிலீஷும் மலாயும் பேசுவார், தமிழ் தெரியாது. தடித்த கண்ணாடி. மேசை மேல் அவளுடைய விண்ணப்பம், பக்கத்தில் மூன்று மருந்துப் போத்தல்கள். திலகத்தை நாற்காலியில் உட்காரச் சொன்னார். காளிமுத்து கதவருகே, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். துரை அவனைப் பார்த்தார். அவன் பணிவாகச் சிரித்தான். நகரவில்லை.

துரை விண்ணப்பத்தைத் தூக்கிக் காட்டினார். மெதுவாக, அவளுக்கு விளங்கும்படி இங்கிலீஷில் கேட்டார். பேச முடியாது, படிப்பில்லை, பலம் இல்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். பிறகு உன்னை எதற்கு நான் எடுக்க வேண்டும்?

காலை முழுவதும் சொல்லிப் பார்த்த எதுவும் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

"சார்," என்றாள். "கிராணி ரைட் லெட்டர். ஐ சைன்."

"யூ டிடின்ட் ரீட்?"

பொய் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. அவள் அதை விழுங்கினாள். "நோ சார். மை மிஸ்டேக். கிராணி ஆல்வேஸ் ரைட் லைக் தட். ஃபார் ரூஃப். ஃபார் லீவ். எவ்ரிபடி சேம்."

துரை விண்ணப்பத்தைக் கீழே வைத்தார். மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ஒரு கட்டுத் தாள்கள். எல்லாம் அதே டைப்ரைட்டரின் தேய்ந்த எழுத்து. மேலே இருந்ததை எடுத்து வாசித்தார், அடுத்ததையும் வாசித்தார். அவர் வாயோரம் சிரிப்பு வந்தது. "சோ, தி ஹோல் எஸ்டேட் இஸ் வீக்," என்றார்.

பிறகு முதல் போத்தலை அவள் பக்கம் தள்ளினார்.

அவள் வாசித்தாள். வெளியே பூசுவதற்கு மட்டும் என்று இருந்தது. "ஒன்லி அவுட்சைட், சார். நாட் டிரிங்க்." இரண்டாவதையும் வாசித்தாள். இரண்டு மாத்திரை, ஒரு நாளைக்கு மூன்று வேளை, சாப்பிட்ட பிறகு.

மூன்றாவதில் ஒரு பெயர் இருந்தது. ஒரு சாண் நீளம். முதல் பாதியை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். அதற்கு மேல் எழுத்துகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன.

"ஐ கேனாட் ரீட் திஸ் ஒன், சார்."

பின்னாலிருந்து காளிமுத்துவின் தொண்டைச் செருமல். "டியா போலே, துவான், தாப்பி..." என்று அவன் மலாயில் தொடங்கினான். அவளால் முடியும் ஐயா, ஆனால்... பிள்ளைகள் என்று வரும், வீடு என்று வரும், பொம்பளை என்று வரும். அவன் கெடுக்க நினைக்கவில்லை. மானத்தைக் காப்பாற்றுகிறான். அவள் தோற்பதற்கு முன்னால் ஒரு காரணத்தைத் தயாராக எடுத்துக் கொடுக்கிறான்.

துரை கையை உயர்த்தி அவனை நிறுத்தினார். அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போத்தல் அவள் கையில் குளிர்ந்தது. அவளுக்கு ஜெயாவின் பாடம் நினைவுக்கு வரவில்லை. இராசம்மா வீட்டுக் கதவுதான் தெரிந்தது. கதவின் அந்தப் பக்கம் டிரஸ்ஸர். இந்தப் பக்கம் தலைவலி என்று சொன்ன இரண்டு பெண்கள்.

"பட் ஐ கேன் ஆஸ்க், சார். பிஃபோர் ஐ கிவ், ஐ கேன் ஆஸ்க் டிரஸ்ஸர்." இங்கிலீஷ் உடைந்து உடைந்து வந்தது. அவள் நிறுத்தவில்லை. "உமன் கேனாட் டெல் டிரஸ்ஸர். பட் தே கேன் டெல் மீ. இராசம்மா... ஐ நோ, சார். ஐ நோ, பட் ஐ டிடின்ட் டெல். நவ் ஐ கேன் டெல்."

பின்னால் நின்றவனுக்கு இங்கிலீஷ் தெரியாது. இராசம்மா என்ற பெயர் மட்டும் அவனுக்கும் விளங்கியிருக்கும்.

லிம் துரை கண்ணாடியைக் கழற்றினார். அவரும் அந்த லோரியின் பின்னால் தன் காரில் வந்தவர்தான். விண்ணப்பத்தை மடித்து இழுப்பறையில், மற்ற எல்லா மனுக்களோடும் போட்டார். பிறகு சொன்னார். ஈப்போ ஆஸ்பத்திரியில் மூன்று மாதப் பயிற்சி. அங்கேயே தங்க வேண்டும். வரும் திங்களுக்கு அடுத்த திங்கள் தொடங்குகிறது.

"கேன் யூ கோ?"

மூன்று மாதம். அறிவிப்பில் இது இல்லை. ஜெயாவுக்கு முடிவு வரும் நேரம். கடைசிப் பெண் பிள்ளைகள் இரண்டுக்கும் இன்னும் தலை பின்னிவிடும் வயது. காளிமுத்துவுக்கு அடுப்பு மூட்டக்கூடத் தெரியாது. கழிவுகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொன்றும் உண்மை.

"தாப்பி, துவான்..." என்றான் காளிமுத்து. ஈப்போ என்ற சொல் அவனுக்கும் கேட்டிருந்தது.

"ஐ கேன்," என்றாள் திலகம்.

வாயை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஏதாவது சொல்ல வேண்டும் என்று நாக்கு தவித்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். பயமாக இருந்தது. ஆனால் கூடையைக் கழிக்காமல், ஈரத்தைக் கழிக்காமல், முள் நின்ற இடத்தை அவள் முதல் முறையாகப் பார்த்தாள்.

வெளியே ஜெயா படிக்கட்டில் குடையோடு நின்றாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் ஓடி வந்தாள். "என்னாச்சு? கடைசியில எதை வச்சே?"

"ஈப்போவுக்குப் போகணும். மூணு மாசம்."

"மூணு மாசமா!" அவள் கத்தினாள். சிரித்தாள். உடனே சிரிப்பு நின்றது. "நம்ம வீடு?"

"தெரியலை."

"நான் பாத்துக்கறேன்னு சொல்லணுமாம்மா இப்போ?" அவள் குரல் சுருங்கிப்போனது. "எனக்கும் மேல படிக்க எடம் கிடைச்சா?"

திலகம் மகளின் தோளில் கை வைத்தாள். அந்தத் தோளில் எதையும் இறக்கி வைக்கக் கூடாது என்பது மட்டும் தெரிந்தது. வேறு யார் என்று கேட்பதற்காகத் திரும்பினாள்.

காளிமுத்து பின்னால் இல்லை.

வராந்தாவில், கிராணியின் மேசைக்கு முன்னால் அவன் குனிந்து நின்றான். கையில் தொப்பி. ஏதோ மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தான். பழனியப்பன் தலையை ஆட்டியபடி இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே கார்பனை வைத்து, டைப்ரைட்டரில் செருகி, உருளையைத் திருப்பினார். முதல் வரி தட்டும் சத்தம் படி வரை கேட்டது.

"அப்பா என்ன எழுதச் சொல்றாரு?" என்றாள் ஜெயா. "யாருக்காம்மா அந்த மனு?"

திலகம் மகளின் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டுப் படியேறினாள். காளிமுத்து நிமிர்ந்தான். அவன் கண்ணில் இருந்தது கோபமா, கெஞ்சலா என்று பத்தொன்பது வருடம் கூட வாழ்ந்தவளுக்கே சொல்ல முடியவில்லை.

"நீ ஏன் இங்க வந்தே? போ, நான் வரேன்."

அவள் போகவில்லை. நகர்ந்துகொண்டிருந்த உருளையின் மேல் உள்ளங்கையை வைத்தாள். டைப்ரைட்டர் நின்றது.

"இந்தத் தடவை வாசிச்சுக் காட்டுங்க, கிராணி ஐயா," என்றாள். "முதல் வரியிலேருந்து."